பூ வில்லையில் இல்லை, குழாயில் இருக்கிறது

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கருவியைப் பற்றியவை: பாலிமர் கிளேயை அழுத்தி இழையாக வெளியே தள்ளும் எக்ஸ்ட்ரூடர். அதனால் பொம்மை, காதணி, சாவிக்கொத்து பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இடம் முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

அக்கா, கடையில் பார்த்த மாலையில் ஐம்பது மணிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் அச்சு அசலாக அதே பூ. இவ்வளவு சின்னதாக, இவ்வளவு ஒரே மாதிரியாக எப்படி வரைகிறார்கள்? (திருப்பூர் வாசகி)

யாரும் வரையவில்லை, வெட்டினார்கள். வெண்டைக்காயை எந்த இடத்தில் நறுக்கினாலும் அதே ஐந்து மூலை வடிவம் வருகிறதல்லவா, அதே சங்கதிதான். பல நிறக் கிளே இழைகளைச் சேர்த்து, நீளம் முழுக்க ஒரே கோலம் உள்ளே ஓடும்படி ஓர் உருளை செய்வார்கள். அதற்குக் கேன் என்று பெயர். அதைச் சீவினால் ஒவ்வொரு சீவலிலும் பூ. அந்தச் சீவலை மணிமேல் ஒட்டி, உருட்டிச் சமப்படுத்தி, சுட்டுவிடுவார்கள்.

வித்தை கண்ணாடிக்காரர்களுடையது. ரோமானியர்கள் நிறக் கண்ணாடிக் கம்பிகளைக் கட்டாகச் சேர்த்து உருக்கி, இழுத்து, துண்டு போட்டுக் கிண்ணங்கள் செய்தார்கள். அந்த முறை வழக்கொழிந்து போய், வெனிஸ் அருகேயுள்ள முரானோ தீவில் 19-ஆம் நூற்றாண்டில் மறுபடி தலையெடுத்தது. வின்சென்சோ மொரெட்டி என்ற கலைஞருக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அவர்களுக்கு உலை வேண்டியிருந்தது. நமக்குச் சாப்பாட்டு மேசை போதும்.

பாலிமர் கிளே என்பது களிமண்தானா? குயவர் மண்ணில் ஏதாவது கலந்து செய்வதா?

குயவர் மண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிவிசி பிளாஸ்டிக்கின் நுண்துகள், அதை இளக்கமாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் என்ற திரவம், நிறமி, கொஞ்சம் நிரப்புப் பொடி. சூடு பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து இறுகும். காற்றில் காயாது. அதனால்தான் ஒரு கேனை இன்றைக்குப் பாதி கட்டி, அடுத்த வாரம் மீதியைக் கட்ட முடிகிறது.

கையால் உருட்டினாலே இழை வருகிறதே. இதற்கு ஒரு கருவி எதற்கு? (தஞ்சாவூர்)

இரண்டு இழை வேண்டுமென்றால் கையே போதும். ஒரே தடிமனில் அறுபது சதுர இழை வேண்டுமென்றால் கை தோற்றுவிடும். கையால் உருட்டும் இழை நடுவில் மெலியும், ஓரத்தில் தடிக்கும். அறுபதை அடுக்கும்போது அந்தச் சின்னச் சின்ன வித்தியாசங்கள் கூடிக் கூடிக் கோலமே சாய்ந்துவிடும். மேக்கின்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்ட்ரூடரை வாங்கினால் கூடவே, குழாயின் வாயில் பொருத்தும் 20 துளை வில்லைகள் தருகிறார்கள்: வட்டம், சதுரம், முக்கோணம், பட்டை, நட்சத்திரம் என்று. எந்த வில்லையைப் போட்டாலும் முதல் இழையும் கடைசி இழையும் ஒரே அளவு.

ஆனால் இந்தக் கருவியை வைத்து இழை மட்டும் செய்பவர், அதன் பாதியைத்தான் பயன்படுத்துகிறார். மீதிப் பாதி அடுத்த கடிதத்தில் இருக்கிறது.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா, கறுப்பு என்று ஐந்து நிறங்களில் வட்டத் துண்டு வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாகக் குழாயில் போட்டேன். நிறம் மாறி மாறி வரிசையாக வரும் என்று நினைத்தேன். வந்ததோ வெளியே மஞ்சள் தோல், உள்ளே ஆரஞ்சு, அதற்குள் சிவப்பு! கருவி கெட்டுவிட்டதா? (கோவை வாசகி)

கருவி நன்றாக இருக்கிறது. எக்ஸ்ட்ரூடரின் ஆகச் சிறந்த வித்தையை நீங்களாகவே கண்டுபிடித்துவிட்டீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் மற்ற எல்லாச் சோதனைகளும் உங்கள் கைக்கு வந்துவிடும்.

குழாயின் சுவரை ஒட்டியிருக்கும் கிளே, சுவரைப் பிடித்துக்கொண்டு நகர அடம்பிடிக்கும். நடுவில் இருக்கும் கிளேக்கு அந்தத் தடை இல்லை. பிஸ்டன் தள்ளியதும் நடுப்பகுதி முந்திக்கொண்டு ஓடும். முதலில் துளை வழியே போவது வில்லையை ஒட்டியிருக்கும் மஞ்சள். அது முழுவதும் வெளியேறுவதற்குள், பின்னால் இருக்கும் ஆரஞ்சின் நடுப்பகுதி மஞ்சளைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். ஒதுக்கப்பட்ட மஞ்சள் ஓரத்தில் தோலாக நிற்கும். பிறகு ஆரஞ்சுக்குள் சிவப்பு நுழையும், சிவப்புக்குள் ஊதா.

அந்த இழையை இப்போது ஒரு முனையிலிருந்து வெட்டிக்கொண்டே வந்து பாருங்கள். முதல் சில சென்டிமீட்டர் வெறும் மஞ்சள். அடுத்த வெட்டில் நடுவே ஊசிமுனை அளவில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி. இன்னும் தள்ளி வெட்டினால் புள்ளி பெருத்திருக்கும், மஞ்சள் வளையம் மெலிந்திருக்கும். அதற்கும் தள்ளி, ஆரஞ்சின் நடுவே சிவப்பு எட்டிப் பார்க்கும். ஒரே இழை, ஆனால் எந்த இரண்டு வெட்டும் ஒன்றாக இருக்காது. சதுர வில்லை போட்டிருந்தால் வெளிவளையம் சதுரமாகவும், உள்ளே போகப் போக மூலை மழுங்கி வட்டமாகவும் இருக்கும்.

இந்த இழையைச் சம நீளத் துண்டுகளாக வெட்டி, நாலுக்கு நாலாக நிறுத்தி அடுக்கினால் பதினாறு சதுரம். ஒவ்வொன்றிலும் வளையத்தின் அளவு வேறு. 1960-களின் திரைச்சீலைத் துணிகளில் இந்தச் சாயலைப் பார்த்திருப்பீர்கள். ரெட்ரோ கேன் என்று கைவினைக்காரர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். துண்டுகளை வெட்டிய வரிசையிலேயே வைத்தால் நிறம் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெல்ல நகரும். கலைத்துப் போட்டால் கம்பளம் கிடைக்கும்.

இனி உங்கள் கையில் இருப்பவை மூன்று. முதலாவது, வரிசை. வில்லையை ஒட்டி எந்த நிறத்தை வைக்கிறீர்களோ, அதுதான் வெளித்தோல். அடுக்கிய பிறகு சதுரங்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டுமென்றால் அங்கே கறுப்போ வெள்ளையோ இருக்கட்டும். இரண்டாவது, தடிமன். தடித்த வட்டம் போட்டால் வளையம் நிதானமாக மாறும், மெல்லிய வட்டங்கள் நிறையப் போட்டால் நெருக்கமான வளையங்கள் வரும். இரண்டு தடித்த நிறங்களுக்கு நடுவே காகித மொத்தத்தில் கறுப்பு வட்டம் ஒன்றைச் செருகினால், அது பேனாவால் போட்ட கோடாக எல்லா வளையத்தையும் பிரித்துக் காட்டும். எனக்கு மிகவும் பிடித்த விளைவு இதுதான். மூன்றாவது, இளக்கம். ஐந்து நிறமும் ஒரே பதத்தில் இருக்க வேண்டும். நடுவில் ஒன்று மட்டும் குழைந்திருந்தால், அது மற்றவற்றைக் கிழித்துக்கொண்டு முன்னால் ஓடிவிடும்.

வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதைத்தான் பலரும் சோதனை என்று நினைக்கிறார்கள். வில்லை கொடுப்பது வெளி ஓரத்தை மட்டும். உள்ளே பூக்கும் கோலம் முழுவதும் நீங்கள் குழாயில் அடுக்கிய விதத்தில் இருக்கிறது.

எனக்கு அந்த வளையமே வேண்டாம். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் வெள்ளை என்று இரண்டு நிறமாக ஓடும் இழை வேண்டும். முடியுமா?

முடியும். நிறங்களை மேலும் கீழுமாக அடுக்காமல் பக்கம் பக்கமாக, நெடுக்காக வையுங்கள். பச்சையில் ஓர் அரை உருளை, வெள்ளையில் ஓர் அரை உருளை, இரண்டையும் ஒட்டிக் குழாயில் இறக்குங்கள். நடுப்பகுதி முந்தி ஓடினாலும் முந்துவது பாதிப் பச்சை, பாதி வெள்ளை. அதனால் இழையும் அப்படியே வரும்.

இதையே நீட்டிப் பார்க்கலாம். நடுவில் புள்ளி வைத்த சின்னக் கேனைக் குழாயில் போட்டு, அதைவிடச் சிறிய வட்ட வில்லை வழியே தள்ளினால், உருட்டிச் சிறுக்கும் வேலை மிச்சம். எளிய கோலம் என்றால் நன்றாகவே தாங்கும். முகம், எழுத்து மாதிரி நுணுக்கமானவற்றை இப்படித் தள்ளாதீர்கள், கோடுகள் வளைந்துவிடும்.

ஒரு குழாய் கிளேக்கு எத்தனை அடி இழை வரும்? முன்கூட்டியே கணக்குப் போட வழி உண்டா? (திருச்சி)

உண்டு. குழாயின் குறுக்குப் பரப்பு, துளையின் பரப்பைக் காட்டிலும் எத்தனை மடங்கு பெரியதோ, அத்தனை மடங்கு நீளம். குழாயின் உள்விட்டம் 18 மி.மீ., துளை 5 மி.மீ. சதுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு சுமார் 254-க்கு 25. பத்து மடங்கு. 10 செ.மீ. உயரத்துக்கு நிரப்பினால் ஏறக்குறைய ஒரு மீட்டர் இழை. கடைசியில் கொஞ்சம் குழாயிலேயே தங்கிவிடும் என்பதால் எப்போதும் சற்றுக் கூடுதலாக நிரப்புங்கள். பாதியில் தீர்ந்து, அதே நிறத்தை மறுபடி கலக்க நேர்வது பெரிய தொல்லை.

வீட்டில் பாட்டி காலத்துப் பித்தளை முறுக்கு அச்சு இருக்கிறது. திருகு வைத்தது. அதையே எக்ஸ்ட்ரூடராக வைத்துக்கொள்ளலாமா? (காரைக்குடி வாசகி)

இந்தக் கேள்வியை ஒன்பது ஊர்க்காரர்கள் கேட்டிருக்கிறீர்கள்! வேலை செய்யுமா என்றால், செய்யும். இரண்டும் ஒரே தத்துவம்தான். இளக்கமாகப் பிசைந்த கிளே தேன்குழல் வில்லை வழியே தாராளமாக வரும், ஒற்றை நட்சத்திர வில்லை தரும் இழையைச் சீவினால் அழகான நட்சத்திரம். ரிப்பன் பக்கோடா வில்லையில் பட்டை வரும்.

ஆனாலும் வேண்டாம் என்பேன். அந்த அகலக் குழாயை நிரப்ப இறக்குமதிக் கிளே நாலைந்து கட்டி தேவைப்படும். ஒரு கட்டி 57 கிராம், அதன் விலை உங்களுக்கே தெரியும். குழாய் அகலமாக இருப்பதால், நீங்கள் கொடுக்கும் பலம் பெரிய பரப்பில் பரவிவிடும், சின்னத் துளை வழியே கெட்டிக் கிளே வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, கிளே பட்ட அச்சு திரும்பவும் அடுப்பங்கரைக்குப் போகக் கூடாது. பிளாஸ்டிசைசர் சாப்பாட்டில் கலக்க வேண்டிய பொருள் அல்ல, வில்லையின் இண்டு இடுக்கிலிருந்து அதை முழுசாக எடுக்கவும் முடியாது. மர அச்சு என்றால் அது உறிஞ்சியே விடும். பாட்டியின் பித்தளை அச்சு தீபாவளிக்கு முறுக்கு பிழியட்டும். கடையில் புதிதாக ஒரு சின்ன அச்சு வாங்கி, கிளேக்கு என்றே எழுதி வைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

திருகித் திருகி உள்ளங்கை சிவந்துவிட்டது. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இது இளவயசுக்காரர்களுக்கான வேலையோ?

அம்மா, பிரச்சினை வயதில் இல்லை, கிளேயின் பதத்தில் இருக்கிறது. நேரே பொட்டலத்திலிருந்து எடுத்துக் குழாயில் போட்டால் பயில்வானுக்கும் கை வலிக்கும். முதலில் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கையில் பிசையுங்கள், அல்லது பாஸ்தா மெஷினில் மடித்து மடித்து விடுங்கள். வளைத்தால் ஓரம் வெடிக்காமல் மடங்க வேண்டும். உருளையாக்கி, குழாய்க்குள் போடும் முன் உள்ளங்கைச் சூட்டில் ஒரு நிமிடம் வைத்திருங்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் அதுவே பாதிப் பலத்தைத் தின்றுவிடும், அதையும் பாருங்கள். கைப்பிடியை வழுக்காத ரப்பர் துணியால் பிடியுங்கள். மேசையில் பொருத்தும் கிளாம்ப் இருந்தால் ஒரு கைக்கு ஓய்வு. மூட்டுவலி இருப்பவர்களுக்காக, எக்ஸ்ட்ரூடரை டிரில் மெஷினோடு இணைக்கும் பாகமும் விற்கிறார்கள். அதை மிக மெதுவான வேகத்தில் மட்டும் ஓட்டுங்கள்.

மிக நுண்ணிய துளை வில்லையை முதல் நாளே எடுக்காதீர்கள். துளை சிறுக்கச் சிறுக்க, தேவைப்படும் பலம் தாறுமாறாகக் கூடும்.

வட்ட இழை, சதுர இழை, ஆறுமூலை இழை: கேன் கட்ட எது நல்லது? (சேலம்)

என்ன கட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எழுத்து, பறவை, கோலம் என்று கட்டம் கட்டமாகப் படம் உருவாக்க சதுரம்தான். வரைகட்டத் தாளில் படத்தை வரைந்து, கட்டத்துக்கு ஒரு இழை என்று அடுக்கிவிடலாம், தையல்காரிகள் குறுக்குத் தையலுக்கு வைத்திருக்கும் படங்களே போதும். இடைவெளி இல்லாமல் சேரும் என்பதால் படம் கோணாது.

வட்டம் வேறு கதை. நேர் வரிசையில் அடுக்கினால் இடத்தில் நூற்றுக்கு 78.5 பங்குதான் கிளே, மீதி காற்று. ஒரு வரிசையின் பள்ளத்தில் அடுத்த வரிசை உட்காரும்படி அடுக்கினால் 90.7 வரை போகும். அழுத்தும்போது அந்தக் காற்று இடத்துக்குள் கிளே ஓடும். நேர் வரிசை வட்டங்கள் சதுரமாகும், பள்ளத்தில் உட்கார்ந்தவை ஆறுமூலையாகும். தேன்கூட்டுக் கோலம் வேண்டுவோர் ஆறுமூலை வில்லையைத் தேட வேண்டியதில்லை, வட்ட இழையே அழுத்தத்தில் அப்படி மாறும்.

ஒரு நல்ல சோதனை சொல்கிறேன். 5 மி.மீ. வட்ட இழைகளை நேர் வரிசையில் நிறுத்துங்கள். நாலு இழைக்கு நடுவே வரும் பொந்தில் 2 மி.மீ. இழை ஒன்று கச்சிதமாக உட்காரும். பெரியவை வெளிர் நிறம், சின்னவை அடர் நிறமாக இருக்கட்டும். அழுத்திச் சிறுக்கிய பிறகு வெட்டினால், கட்டத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு சின்ன நட்சத்திரம். நம் புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இது சட்டென்று பிடித்துப்போகும்.

பெரிதாக இருக்கும்போது கேன் அட்டகாசமாக இருந்தது. உருட்டிச் சிறிதாக்கியதும் எல்லா நிறமும் கலந்து சேறாகிவிட்டது. ஏன்? (மதுரை)

நிறங்கள் கலக்கவில்லை. உங்கள் கண்தான் கலக்கிறது. கேனின் விட்டத்தைப் பாதியாக்கினால் நீளம் நாலு மடங்காகும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோடும் பாதியாக மெலியும். மறுபடி பாதியாக்கினால் கால்வாசி. அந்த மெல்லிசில் பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றாகத் தெரியும். நீலமும் பச்சையும் பெரிதாக இருக்கும்போது இரண்டு நிறம், மணி அளவில் ஒரே நிறம்.

கட்டும் முன்பே கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் எந்த இரண்டு நிறம் ஒரே சாம்பலாகத் தெரிகிறதோ, அவற்றைப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒன்றில் வெள்ளை சேர்த்து வெளிறச் செய்யுங்கள், இன்னொன்றில் துளி கறுப்பு. துளி என்றால் துளிதான், கறுப்பு எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

சிறுக்கும்போது ஒரு முனையைப் பிடித்து இழுக்காமல், நடுவில் அழுத்தத் தொடங்கி இரு முனைக்கும் நகருங்கள். சதுரக் கேன் என்றால் நாலு பக்கமும் திருப்பித் திருப்பி அழுத்துங்கள். முனைகள் குழிந்து பாழாவது இயல்பு. அதற்காக வருந்த வேண்டாம்.

சீவும்போது பூ நசுங்கி முட்டையாகிறது. வேலூர் வெயிலில் கிளே வெண்ணெயாகிவிடுகிறது, என்ன செய்ய?

ஈரம் படாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஃபிரிட்ஜில் இருபது நிமிடம் வையுங்கள். பிறகு மெல்லிய நீள பிளேடால், மேலிருந்து ஒரே அழுத்தாக வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கேனைக் கால் சுற்று உருட்டிக்கொண்டால் நசுங்கல் ஒரே பக்கம் சேராது. பிளேடை அடிக்கடி துடையுங்கள், முந்தைய வெட்டின் நிறம் அடுத்த சீவலில் கோடு போடும்.

கிளே எப்போதுமே குழைவாக இருந்தால், தகடாக்கி இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, மேலே புத்தகம் ஏற்றுங்கள். ஒரு ராத்திரியில் தாள் எண்ணெய்க் கறையாகும், கிளே கெட்டிப்படும். வெயில் விழும் ஜன்னலோரத்திலும், நிறுத்திவைத்த காரிலும் மட்டும் விட்டுவிடாதீர்கள், அங்கேயே பாதி வெந்துவிடும்.

இழையில் அங்கங்கே கொப்புளம் வருகிறது.

உள்ளே காற்று. உருளையைக் குழாயின் உள்விட்டத்துக்கு ஏறக்குறைய சமமாகச் செய்யுங்கள். சின்னச் சின்ன உருண்டைகளாகப் போட்டால் ஒவ்வொரு இடுக்கிலும் காற்று அடைந்து, வெளியே வரும்போது பட்டென்று வெடிக்கும்.

எல்லாம் தள்ளிய பிறகும் வில்லையின் பின்னால் ஒரு கட்டி தங்குகிறது. தூக்கிப் போடுவதா?

ஐயோ, போட்டுவிடாதீர்கள்! நிறங்களை அடுக்கித் தள்ளியிருந்தால் அந்தக் கட்டி பொக்கிஷம். குழாயின் அடிமூலையில் கிளே ஓடாமல் தேங்கும். அதற்குள் ஒவ்வொரு நிறமும் வளைந்து, குழிந்து, நடுவை நோக்கி இறங்கிய தடம் அப்படியே பதிந்திருக்கும். மெதுவாக வெளியே எடுத்து, ஃபிரிட்ஜில் வைத்துக் கெட்டிப்படுத்தி, மேலிருந்து கீழாக நடுவே பிளந்து பாருங்கள். சுவரோரம் நிறங்கள் தங்கி நிற்பதும், நடுவில் முந்தி ஓடியிருப்பதும் ஒரு படமாகத் தெரியும். கோவை வாசகிக்கு மேலே நான் பத்தி பத்தியாக எழுதியதை அந்த ஒரு வெட்டு காட்டிவிடும். குறுக்காகச் சீவினால் ஒரு ஜோடி காதணிக்கு ஆகும்.

நிறம் மாற்றும்போது ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டுமா?

கழுவ வேண்டியதில்லை. வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போங்கள். வெள்ளை முதலில், கறுப்பு கடைசியில். இடையில் வேண்டாத வெளிர் கிளே ஒரு உருண்டையைக் குழாயின் சுவரில் ஒத்தி எடுத்தால் மிச்சம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வேலை முடிந்ததும் சானிடைசர் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். சிவப்பு மட்டும் கையிலும் ஒட்டும், அடுத்த வெள்ளையைக் கெடுக்கும். கையையும் துடைத்துவிட்டுத் தொடுங்கள்.

மைதாவும் ஃபெவிகாலும் கலந்த வீட்டுக் கிளேயில் கேன் செய்யலாமா? அது மலிவாயிற்றே. (யாழ்ப்பாணம்)

வேண்டாம். அது காற்றில் காய்ந்துகொண்டே இருக்கும். அடுக்கி முடிப்பதற்குள் முதல் இழையின் மேல் தோல் கட்டிவிடும், அடுத்தது ஒட்டாது. காயும்போது சுருங்கவும் செய்யும். பூ மாலைக்கும் சின்னப் பொம்மைக்கும் அது அருமையான பொருள், கேனுக்கு இல்லை.

ஓ.டி.ஜி.யில் எவ்வளவு சூடு? பக்கத்து வீட்டில் சுட்டபோது மூச்சு முட்டும் நெடி வந்ததாம்.

பொட்டலத்தில் போட்டிருக்கும் சூடுதான் வேதம். கிளே பிராண்டுகளில் ஃபிமோவுக்கு 110 டிகிரி செல்சியஸ், 30 நிமிடம். ஸ்கல்பி பிரீமோவுக்கு சுமார் 130. கேட்டோ என்றால் 150 வரை போகலாம். மூன்றையும் ஒரே தட்டில் வைத்துச் சுடாதீர்கள். நெடி வந்தது என்றால் கிளே கருகியிருக்கிறது. பிவிசி கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற எரிச்சல் வாயு வரும். அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, அறையை விட்டு வெளியேறுவதுதான் ஒரே வழி.

ஓ.டி.ஜி.யின் குமிழில் 130 என்று வைத்தால் உள்ளே 130 இருக்கும் என்று நம்பாதீர்கள். தனியாக ஓர் ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வையுங்கள். கம்பிக்குப் பக்கத்தில் இருப்பவை முதலில் நிறம் மாறும், அதனால் மேலே அலுமினியத் தாளால் கூரை போடுங்கள். மைக்ரோவேவில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இதையெல்லாம் முதலில் கண்டுபிடித்தது யார்? (சிங்கப்பூர் வாசகர்)

ஒருவர் அல்ல. ஜெர்மனியில் பொம்மை செய்த கேத்தே குரூசேயின் மகள் சோஃபி, தன் கையால் கலந்து விற்ற கிளேயை 1964-ல் எபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனம் வாங்கி ஃபிமோவாக்கியது. அமெரிக்காவில் ஸ்கல்பி, மின்மாற்றியின் சூட்டைக் கடத்த உருவான பொருள், அந்த வேலைக்குச் சரிப்படாமல் கைவினைக்கு வந்தது. கேனை நகைக் கலையாக உயர்த்தியவர்களில் ஃபிலடெல்ஃபியாவின் ஸ்டீவன் ஃபோர்டும் டேவிட் ஃபோர்லானோவும் முக்கியமானவர்கள். இந்தக் கலைக்கு முதல் பெரிய கையேடு எழுதியவர் நேன் ரோஷ், 1991-ல்.

ஜூடித் ஸ்கின்னரைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு நிற முக்கோணங்களைப் பக்கத்தில் வைத்துப் பாஸ்தா மெஷினில் திரும்பத் திரும்ப விட்டு, ஒரு நிறம் இன்னொன்றில் மெல்லக் கரையும் தகட்டை அவர் கண்டுபிடித்தார். அந்தத் தகட்டை நீளப் பட்டையாக்கி, வெளிர் முனையிலிருந்து சுருட்டி எக்ஸ்ட்ரூடரில் தள்ளிப் பாருங்கள். நடுவில் வெளிர்ந்து ஓரத்தில் அடர்ந்த இழை வரும். பூவிதழ் கட்ட அதைவிட நல்ல இழை எனக்குத் தெரியாது.

வீடியோவில் பார்த்த கேனை அப்படியே செய்தேன், வரவே இல்லை. இனி என்ன செய்வது?

அவர்கள் எத்தனை மில்லிமீட்டர் வட்டம் வெட்டினார்கள், எந்தக் கிளே, எந்தப் பதம் என்று வீடியோ சொன்னதா? அதனால் உங்களுக்கென்று ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் குழாயை நெடுக்கு வெட்டாகப் படம் வரைந்து, வில்லையிலிருந்து பிஸ்டன்வரை எந்த நிறம் எத்தனை மி.மீ. என்று குறியுங்கள். வந்த இழையிலிருந்து மூன்று சீவல் (தொடக்கம், நடு, முடிவு) எடுத்துச் சுட்டு அந்தப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். பிடிக்காமல் போனதையும் ஒட்டுங்கள். நோட்டு நிரம்ப நிரம்ப, எந்த அடுக்குக்கு எந்தக் கோலம் வரும் என்பது தள்ளும் முன்பே உங்களுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

செய்த கேன்களைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தேன். டப்பாவே பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டது!

டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்திருக்கும். அது பாலிஸ்டைரீன், பிளாஸ்டிசைசர் அதைக் கரைத்துவிடும். 5 என்று போட்ட டப்பாவில் வையுங்கள், அது பாலிப்ரொப்பிலீன், ஒன்றும் ஆகாது.

அக்கா, பிளஸ் டூ படிக்கிறேன். கையில் கறுப்பு ஒரு கட்டி, வெள்ளை ஒரு கட்டி மட்டும் இருக்கிறது. எக்ஸ்ட்ரூடர் நேற்றுத்தான் வந்தது. முதலில் எதைச் செய்து பார்க்கட்டும்? (நாகர்கோவில்)

தம்பி, இரண்டு நிறம் தாராளம். வெள்ளையில் 8 மி.மீ. தடிமனில் வட்டங்கள் வெட்டிக்கொள்ளுங்கள், கறுப்பில் 2 மி.மீ. தடிமனில். வில்லையை ஒட்டிக் கறுப்பு, பிறகு வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று குழாய் நிரம்பும்வரை அடுக்குங்கள். 5 மி.மீ. சதுர வில்லை. நிறுத்தாமல், ஒரே வேகத்தில் தள்ளுங்கள். வந்த இழையைக் கால் மணி நேரம் ஆறவிட்டு, 5 செ.மீ. துண்டுகளாக வெட்டி, வரிசை மாறாமல் தாளில் அடுக்கி, பக்கத்தில் எண் எழுதுங்கள். பிறகு பதினாறு துண்டை நாலுக்கு நாலாக நிறுத்துங்கள். எந்த எண்ணை எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்பதையும் எழுதி, சீவலின் படத்தோடு அனுப்புங்கள். அடுத்த இதழில் அந்த அடுக்கை வைத்தே பேசலாம்.